திறந்து பார்த்ததும் மாறிய முகவரி

நடந்தது இதுதான்.

1. தாதிப் பராமரிப்புப் பயிற்சியை முடித்த என் தங்கை, வேலைக்காகத் தன் பயிற்சி நிலையத்தின் இணையத்தளத்தில் விபரங்களைப் பதிந்தாள். முகவரி என்ற இடத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் பெயரையும் மேற்பிரிவு என்பதையும் தெல்தோட்டை என்பதையும் எழுதினாள்.

2. அந்த இணையத்தளத்தைச் செய்து கொடுத்தது நான் வேலை பார்க்கும் கம்பனி.

3. கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி அவளுடைய விபரங்களைத் திறந்து பார்த்தது. பிடித்துப்போய் நேர்முகத்துக்கு அழைத்தது.

4. அவர்கள் திறந்து பார்த்த அந்தக் கணத்தில் அவளுடைய முகவரி "கண்டி" என்று மாறிவிட்டது.

5. வசிப்பிடத்துக்குச் சாட்சியான கிராம சேவகர் சான்றிதழில் ஓர் ஊரும் இணையத்தளத்தில் வேறோர் ஊரும் இருந்ததால், அவள் பொய் சொல்லியிருக்கிறாள் என்று ஆஸ்பத்திரி முடிவு செய்தது.

6. வேலை வேறொருத்திக்குப் போனது.

7. முகவரியை மாற்றியது நான்தான் என்று தங்கை நினைத்தாள்.

நாலாவதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் யாரிடமும் ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். நாலாவதைச் சொல்ல வேண்டுமென்றால் என் வேலை என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அதைக் கேட்கும் பொறுமை இதுவரை யாருக்கும் இருந்ததில்லை.

எங்கள் அலுவலகம் கட்டுகஸ்தோட்டையில், பாலத்துக்குக் கொஞ்சம் இப்பால், ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் இருக்கிறது. கண்டிக்குப் போகும் பஸ்களின் ஹோர்ன் சத்தம் நாள் முழுவதும் கேட்கும். நான் செய்வது இவ்வளவுதான். யாராவது இணையத்தளத்தில் ஒரு பக்கத்தைத் திறந்தால், அதற்குத் தேவையான விபரங்களைத் தரவுத்தளத்தில் கேட்டு வாங்க வேண்டும். வந்ததை அப்படியே அனுப்பக் கூடாது. திகதியை மனிதர் வாசிக்கும் திகதியாக்க வேண்டும். வெறுமையாக இருக்கும் இடத்தில் ஒரு கோடு போட வேண்டும். அப்பாவின் பெயரை முதலெழுத்தாகச் சுருக்க வேண்டும். சிங்களப் பெயராக இருந்தால் நீண்ட முன்பாதி முழுவதையும் எழுத்துகளாக்க வேண்டும். அடையாள அட்டை இலக்கத்தை மறைக்க வேண்டும். இப்படித் திருத்திய பிறகு ஜேசன் என்ற வடிவத்தில் அடுக்கி அனுப்ப வேண்டும். ஜேசன் பெரிய விசயமில்லை. இடப்பக்கம் ஒரு தலைப்பு, வலப்பக்கம் அதற்குரிய விபரம், நடுவில் ஒரு முக்காற்புள்ளி. பட்டியல் போட்டுப் பழகிய மனத்துக்கு அதைப் பார்த்தாலே ஓர் அமைதி வரும். எனக்கு வரும்.

பைதன் என்ற நிரல்மொழியில் இதெல்லாம் சில வரிகளில் முடிந்துவிடுகிற காரியம். அதனாலேயே ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்துப் பார்ப்பதில்லை.

இந்த வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு விசயம் எனக்குப் பிடித்திருந்தது. உள்ளே இருப்பது ஒன்று, வெளியே போவது ஒன்று. ஆனால் உள்ளே இருப்பது பத்திரமாக இருக்கும். வெளியே எப்படிக் காட்டினாலும் உண்மை அதன் இடத்தில் அசையாமல் கிடக்கும். மனிதர்களோடு பழகுவதை விட இது நேர்மையான ஏற்பாடு என்று நினைத்திருந்தேன்.

நேர்முகம் முடிந்த அன்று தங்கை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே பஸ் ஏறி என் அலுவலகத்துக்கு வந்தாள். நல்ல செய்தி சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து, கீழே பாலத்தடியில் இருக்கும் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனேன். ரோல்ஸும் தேநீரும் சொன்னேன். அவள் ரோல்ஸைத் தொடவில்லை. எங்கள் வீட்டில் யாரும் சட்டென்று அழுகிறவர்கள் இல்லை. அவளும் அழவில்லை. நடந்ததை முதலிலிருந்து வரிசையாகச் சொன்னாள்.

ஆட்களை வேலைக்கு எடுக்கும் ஆளணிப் பிரிவில் இருந்தது வயதான ஒரு சிங்களப் பெண்மணி. நன்றாகத்தான் பேசியிருக்கிறார். பயிற்சியில் எடுத்த புள்ளிகளைப் பார்த்துப் பாராட்டியிருக்கிறார். எப்போது வேலைக்கு வர முடியும் என்று கூடக் கேட்டிருக்கிறார். அதன் பிறகுதான் சான்றிதழையும் இணையத்தளத்தில் இருந்து எடுத்த தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். உன் வீடு எங்கே என்று கேட்டார். தங்கை தோட்டத்தின் பெயரைச் சொன்னாள். அப்படியானால் ஏன் கண்டி என்று போட்டாய் என்றார். போடவில்லை என்றாள். அவர் அவள் முன்னாலேயே பயிற்சி நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தார். அங்கே கணினியைப் பார்த்துவிட்டு, கண்டி என்றுதான் இருக்கிறது என்றார்கள்.

அந்தப் பெண்மணி கோபப்படவில்லையாம். கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை என்றாள் தங்கை. நோயாளிகளின் மருந்தும் நகையும் கையில் வந்து போகும் வேலை இது, சின்ன விசயத்தில் பொய் இருந்தால் பெரிய விசயத்தில் எப்படி நம்புவது என்று மெதுவாகச் சொல்லியிருக்கிறார். பிறகு, வெட்கப்படத் தேவையில்லை மகள், தோட்டத்துப் பிள்ளைகளிலும் நல்ல பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று தோளில் தட்டி அனுப்பியிருக்கிறார்.

இதைச் சொல்லி முடித்துத் தேநீரைக் குடித்தாள். கோப்பையை வைத்துவிட்டுக் கேட்டாள்:

"அக்கா, ஒன்னு கேக்குறேன், கோவப்படாத. நீயா மாத்துன?"

"எத?"

"அட்ரஸத்தான். நீதான அங்க வேல செய்யிற."

நான் ஏன் மாற்றப் போகிறேன் என்று கேட்டேன். அவள் மேசையைப் பார்த்தபடி சொன்னாள்:

"போடிங் ஆன்ட்டிகிட்ட நம்ம ஊரு கண்டின்னு சொன்னில்ல. நான் பக்கத்துல நிக்கிறப்பவே சொன்ன."

நான் வாடகைக்குத் தங்கியிருக்கும் வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னேன்தான். எங்கள் பக்கத்திலிருந்து டவுனுக்கு வேலைக்கு வந்தவர்கள் எல்லோரும் சொல்வது அதுதான். நாவலப்பிட்டிக்காரரும் கண்டி, தெல்தோட்டைக்காரரும் கண்டி. எந்தத் தோட்டம் என்று அடுத்த கேள்வி வராமல் இருக்க அது ஒன்றுதான் வழி. வாயால் சொல்வது வேறு, தரவுத்தளத்தில் எழுதுவது வேறு என்று அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். கடையில் சனம் கூடிவிட்டது. கதிரைக்காக ஒருவர் எங்கள் பின்னாலேயே வந்து நின்றார். எழுந்துவிட்டோம்.

அவளைத் தெல்தோட்டை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்து கணினியின் முன்னால் உட்கார்ந்தேன்.

முதலில் அவளுடைய வரியைப் பார்த்தேன். கண்டி. வேறு ஒரு சொல்லும் இல்லை. பிறகு மற்ற எல்லோருடைய முகவரிகளையும் எடுத்துப் பார்த்தேன். சிலருக்கு முழு முகவரி இருந்தது. சிலருக்கு ஊர்ப் பெயர் மட்டும் இருந்தது. எந்தச் சிலர் என்று பார்த்தபோது, ஊர்ப் பெயர் மட்டும் மிஞ்சியிருந்தவர்கள் எல்லோரும் ஏதாவது ஓர் ஆஸ்பத்திரி திறந்து பார்த்தவர்கள். யாரும் திறந்து பார்க்காதவர்களுடைய முகவரி எழுதியது எழுதியபடி இருந்தது. அதாவது, எவருக்கு மதிப்பு இருந்ததோ அவருடைய வீடு அழிந்திருந்தது.

அதற்குப் பிறகு காரணத்தைக் கண்டுபிடிப்பது கடினமாக இருக்கவில்லை. ஆஸ்பத்திரிகளுக்குப் பயிற்சியாளரின் முழு முகவரியைக் காட்ட வேண்டாம், ஊரை மட்டும் காட்டினால் போதும் என்று பயிற்சி நிலையம் கேட்டிருந்தது. நியாயமான வேண்டுகோள். அந்தப் பகுதியை எழுதியவர் எங்கள் அணித் தலைவர். நாங்கள் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். தரவுத்தளத்திலிருந்து வரும் ஒவ்வொரு வரியையும் பைதன் ஒரு பொருளாக நம் கையில் தருகிறது. பார்த்தால் பிரதி போல இருக்கும். பிரதி அல்ல, அதன் ஒரு நுனி இன்னும் தரவுத்தளத்தில் கட்டப்பட்டிருக்கும். அதில் எதை மாற்றினாலும் அது நினைவில் வைத்துக்கொண்டு, நாம் "சேமி" என்று சொல்லும்போது எல்லாவற்றையும் கொண்டுபோய் உள்ளே எழுதிவிடும். அதனால் முதலில் பிரதி எடுக்க வேண்டும். பிரதியில் திருத்தி, பிரதியை ஜேசனாக்கி அனுப்ப வேண்டும். அண்ணா பிரதி எடுக்கவில்லை. அசலில் ஊரை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வெட்டினார். அசலை ஜேசனாக்கி அனுப்பினார். அதற்கு இரண்டு வரி கீழே, எந்த ஆஸ்பத்திரி எப்போது பார்த்தது என்று குறித்து, சேமி என்று சொல்லியிருந்தார். பார்த்த நேரமும் சேமிக்கப்பட்டது. வெட்டிய முகவரியும் சேமிக்கப்பட்டது.

இந்தப் பிழை யாருக்கும் வரலாம். இதற்காக ஒருவர் மேல் கோபப்பட எனக்குத் தோன்றவில்லை. நான் கோபப்பட்டது அதற்கு மேலே இருந்த வரிக்கு. சாதாரண முகவரிகளில் கடைசிச் சொல்லை, அதாவது ஊரை, எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். முகவரியில் தோட்டம் என்று வந்தால் மட்டும் கடைசிச் சொல்லையும் எடுக்க வேண்டாம், கண்டி என்று போடு என்று எழுதியிருந்தார். மற்றவர்களுக்கு வீட்டு இலக்கமும் தெருவும்தான் காணாமல் போயின. ஆஸ்பத்திரி அவற்றை நேரில் கேட்டது, அவர்கள் சொன்னார்கள், ஆஸ்பத்திரி எழுதிக்கொண்டது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் ஊரே மாறிவிட்டது. எல்லோருக்கும் ஒரே விதியை வைத்திருந்தால் என் தங்கைக்குத் தெல்தோட்டை மிஞ்சியிருக்கும். அவள் பொய்க்காரி ஆகியிருக்க மாட்டாள்.

மறுநாள் காலையில் அண்ணாவுக்குத் திரையைக் காட்டினேன். வாசித்தார். கீழே இருந்த "சேமி" வரிக்கு வந்ததும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். உடனே தன் கணினியில் அதைத் திறந்து, முதலில் பிரதி எடுக்கும்படி மாற்றினார். மேலே இருந்த தோட்டத்து வரியைத் தொடவில்லை. தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. சரியாகிவிட்டது என்று என்னைப் பார்த்துச் சொன்னார். முன்பு எடுத்துவைத்த பழைய சேமிப்புகளில் தேடினால் முகவரிகள் கிடைக்கும், கிடைக்காதவர்களிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றார். பயிற்சி நிலையத்திடம், விபரங்களை இடம் மாற்றும்போது வந்த சிறிய பிசகு என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார்.

அதில் ஒரு பெயர் என் தங்கையுடையது என்று அப்போதுதான் அவரிடம் சொன்னேன். நேர்முகத்தில் நடந்ததையும் சொன்னேன். அவர் கதிரையை என் பக்கம் திருப்பிக்கொண்டார். குரல் இறங்கிவிட்டது.

"இங்க பாரும்மா. தோட்டம்னு பாத்தாலே ஃபைல அடியில வச்சிருவானுங்க. எனக்குத் தெரியும். நான் அப்பிடி அலைஞ்சவன். ஒரு பொடியனோ புள்ளையோ உள்ள போய் ஒக்காரட்டுமேன்னுதான் போட்டேன்."

நாவலப்பிட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர் அவர் என்று எனக்கு அன்றுதான் தெரியும். அலுவலகத்தில் எல்லோரும் அவரைக் கண்டிக்காரர் என்றுதான் நினைத்திருந்தோம். அவர் பேசுவதிலிருந்து ஊகித்திருக்கலாம். ஊகிக்கவில்லை.

"அப்ப கட்டுகஸ்தோட்டைக்காரங்களுக்கு ஏன் கண்டின்னு போடல?" என்று கேட்டேன்.

"அது டவுனும்மா," என்றார்.

அந்தப் பதிலில் அவருக்குத் தவறாக எதுவும் படவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. அவர் கெட்டவர் அல்ல. எங்கள் பிள்ளைகளுக்கு உதவி செய்யத்தான் நினைத்தார். ஆனால் அந்த உதவியில் அவர்களைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. என் தங்கை வெட்கப்படாமல் எழுதியதற்கு அவர் அவளுக்குப் பதிலாக வெட்கப்பட்டுவிட்டார். பிறகு அந்த வெட்கத்தை அவள் பெயரில் எழுதிவைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியிடம் உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். முதலாளியிடம் கேட்க வேண்டும் என்றார். முதலாளி கொழும்பில் இருக்கிறார், வந்ததும் பார்ப்போம் என்றார். அன்று மத்தியானம் சாப்பிடும்போது எனக்கு ஒரு பொரித்த முட்டையை எடுத்து வைத்தார். நான் அதைச் சாப்பிட்டேன்.

பழைய சேமிப்பில் தங்கை எழுதிய முகவரி கிடைத்தது. தோட்டம், மேற்பிரிவு, தெல்தோட்டை. அவள் பதிந்த நாளும் நேரமும் பக்கத்திலேயே இருந்தன. அதை எடுத்துக்கொண்டு பயிற்சி நிலையத்துக்குப் போனேன். அங்கே பயிற்சியாளர்களை வேலைக்கு அனுப்பும் பொறுப்பில் இருப்பவர் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா. தங்கையை அவருக்கு நன்றாகத் தெரியும். அவளுடைய வகுப்பில் நல்ல பிள்ளை என்று பெயர் சொல்லிப் பேசுவார். நான் கொண்டுபோனதைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் வாசித்தார். ஒரு சந்தேகம் கூடக் கேட்கவில்லை. பாவம் என்றார். அன்று தொலைபேசியில் பதில் சொன்னது தான்தான், அப்போதே மனம் கேட்கவில்லை என்றார்.

ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதித் தாருங்கள் என்றேன்.

"ஓம் பிள்ளை, எனக்கு விளங்குது. ஆனா எங்கட சிஸ்டத்தில பிழையெண்டு நானே எழுதிக் குடுத்தா, நாளைக்கு மிச்சப் பிள்ளையளை எடுப்பினமோ? அவளுக்கு நான் வேற இடம் பாக்கிறன். இதை விடுங்கோ."

எனக்குத் தேநீர் தந்தார். எல்லோரும் எனக்கு எதையாவது உண்ணவும் குடிக்கவும் தந்தார்கள்.

முதலாளி கொழும்பிலிருந்து வந்தார். அண்ணாவோடு அறைக்குள் பேசினார். வெளியே வந்து, இனிமேல் இப்படி நடக்காது, இதோடு விடுவோம் என்று பொதுவாக எல்லோருக்கும் சொன்னார். என்னைத் தனியாக எதுவும் கேட்கவில்லை. அன்று ஆஸ்பத்திரிக்கு நானே எழுதினேன். ஆங்கிலத்தில் ஒரே ஒரு பக்கம். அண்ணாவின் பெயரை எழுதவில்லை, எங்கள் பிழை என்று எழுதினேன். தோட்டம் என்றால் கண்டி என்று போட்ட அந்த விதியையும் விடாமல் எழுதினேன். அதை விட்டுவிட்டால் நடந்தது யாருக்கும் விளங்காது. அவள் பதிந்த முகவரியையும் அது மாறிய நேரத்தையும் இணைத்து அனுப்பினேன்.

பதில் வந்தது. மரியாதையான பதில். விளக்கத்துக்கு நன்றி, அந்த இடம் ஏற்கெனவே நிரப்பப்பட்டுவிட்டது, விண்ணப்பதாரியின் கோப்பில் உங்கள் விளக்கம் சேர்க்கப்படும் என்று இருந்தது. சேர்க்கப்படும் என்றுதான் இருந்தது. முன்பு எழுதியது நீக்கப்படும் என்று இல்லை.

ஆஸ்பத்திரி நான் எழுதிய கடிதத்தின் ஒரு பிரதியைப் பயிற்சி நிலையத்துக்கும் அனுப்பியிருந்தது. அங்கிருந்து முதலாளிக்குத் தொலைபேசி வந்தது. அவர் அண்ணாவையும் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். நான் கத்தவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. நடந்ததை வரிசைப்படி சொன்னேன். அண்ணா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி போன பிறகு மெதுவாக, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா என்றார். சொல்லியிருந்தேன் அண்ணா என்றேன். அதற்குப் பிறகு அவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வேறு மேசைக்குப் போய்விட்டார்.

அடுத்த பௌர்ணமிக்கு, போயா விடுமுறையில், வீட்டுக்குப் போனேன். தங்கை பின்னால் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அசல், பிரதி, சேமிப்பது, கீழே இருந்த வரி, மேலே இருந்த வரி. அவள் கெட்டிக்காரி, ஒரே தடவையில் விளங்கிக்கொண்டாள். எழுதியவர் யார் என்று கேட்டாள். நம்ம ஆள்தான், நாவலப்பிட்டித் தோட்டத்தில் பிறந்தவர் என்றேன். நல்லதுக்குத்தான் செய்தேன் என்று அவர் சொன்னதையும் மறைக்கவில்லை.

அவள் துணியைப் பிழிந்து உதறினாள். தண்ணீர் என் மேலும் தெறித்தது.

"சரி, நீ மாத்தல. ஒன்னய மாதிரி ஒருத்தரு மாத்தியிருக்காரு," என்றாள். "எனக்கு ரெண்டும் ஒன்னுதான்."

நான் எழுதிய கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். ஆஸ்பத்திரியின் பதிலைப் பற்றியும் சொன்னேன். தனக்குச் சொல்லாமல் ஏன் எழுதினாய் என்று கேட்டாள். உன் பெயரைத் துப்புரவாக்கத்தான் எழுதினேன் என்றேன். சொல்லி முடிக்கும்போதே அது யாருடைய பேச்சு மாதிரி இருக்கிறது என்று எனக்குக் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். மிச்சத் துணியை எடுத்துக்கொண்டு கொடிக்குப் போனாள்.

இப்போது இருக்கும் நிலைமை இது. அந்தப் பக்கம் திருத்தப்பட்டுவிட்டது, தோட்டத்து வரியும் எடுக்கப்பட்டுவிட்டது. ஊரை மட்டும் காட்டுகிறது, எல்லோருக்கும் அவரவர் ஊரை. அழிந்த முகவரிகளில் பெரும்பாலானவை திரும்ப வந்துவிட்டன. பயிற்சி நிலையம் எங்கள் கம்பனியோடுதான் இன்னும் இருக்கிறது. என்னை அந்த வேலையிலிருந்து எடுத்து, ஒரு ஹார்ட்வெயார் கடையின் சரக்கிருப்பைக் காட்டும் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்து அம்மா பார்ப்பதாகச் சொன்ன வேறு இடம் வரவில்லை. தன் விபரங்களை நீக்கிவிடும்படி தங்கை நிலையத்துக்கு எழுதினாள், நீக்கிவிட்டார்கள். இப்போது கம்பளையில் ஒரு மருந்துக் கடையில் நிற்கிறாள். என்னோடு பேசுகிறாள். அந்த ஆஸ்பத்திரியைப் பற்றியும் என் வேலையைப் பற்றியும் பேசுவதில்லை.